மூக்கு வளைந்த ஒயர்

செருப்புக்காகக் காலைத் தறிப்பார்களா என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். அந்தக் காலத்தில் அது பரிகாசம். இன்று அதுவே வியாபார முறை ஆகிவிட்டது. கடைக்காரன் வைத்திருக்கும் சாமானுக்குத் தக்கபடி கையையும் காலையும் முதுகையும் வளைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவன் நல்ல வாடிக்கைக்காரன். "என் வேலை இப்படிப்பட்டது, இதற்குத் தக்கபடி ஒன்று வேண்டும்" என்று கேட்பவன் பைத்தியக்காரன், அல்லது எழுத்தாளன். இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களோடு எனக்கு இப்போது சண்டை இல்லை. என் சண்டை ஒரு சாண் ஒயரைப் பற்றியது.

என்னிடம் ஒரு சின்னக் கீபோர்டு இருக்கிறது. தோள்பையில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே செருகிவிடலாம். அதை ஒரு ஒயரால் செல்போனோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுதும் இடம் பெரும்பாலும் லால்குடியிலிருந்து திருச்சிக்குப் போகும் பாசஞ்சர் வண்டி. வாளாடி, உத்தமர்கோவில், ஸ்ரீரங்கம், டவுன், பொன்மலை என்று நின்று நின்று போகும். எதிர் ஸீட்டுக்காரர் அரசியல் பேசாமல் இருந்தால் ஜங்ஷன் வருவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

செல்போனுக்குத் துவாரம் அதன் அடியில் இருக்கிறது. ஒயரின் மூக்கோ நேராக இருக்கிறது. போனை நிமிர்த்தி நிறுத்தினால் அது மூக்கின் மேல் நிற்க வேண்டும், அதாவது நிற்காது. படுக்கவைத்தால் மூக்கு பக்கத்தில் நீட்டிக்கொண்டு அடுத்த பிரயாணியின் விலாவைக் குசலம் விசாரிக்கும். கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஆடும்போது ஒயரின் கழுத்து மேலும் கீழும் வளையும். சில மாதங்களில் கீபோர்டு வேலை செய்யாது. கையால் கழுத்தை அழுத்திப் பிடித்தால் எழுத்து வரும், விட்டால் போய்விடும். ஒரு கையால் ஒயரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காதல் காட்சி எழுதுவது எவ்வளவு ரசமான அநுபவம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

செம்பின் குணம் பாத்திரம் அடிக்கிற கன்னாருக்குத் தெரியும். தட்டத் தட்ட அது இறுகும். இறுகியதை நெருப்பில் காய்ச்சி இளக்கிவிட்டுத்தான் அவர் மறுபடி தட்டுவார். ஒயருக்குள் மயிரிழை மயிரிழையாக ஓடும் செம்பை யார் காய்ச்சி இளக்குவது? ஒரே இடத்தில் வளைந்து வளைந்து, இறுகி இறுகி, ஒவ்வோர் இழையாக அற்றுப்போகிறது. மேலே உறை முழுசாக இருக்கும். உள்ளே உயிர் போயிருக்கும். இது போதாதென்று, போனுக்கு வெளியே இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும் நேர்மூக்கு ஒரு நெம்புகோலாகவும் இருக்கிறது. நுனியில் லேசாகப் பட்டாலும் துவாரத்துக்குள் இருக்கும் பற்றுகளைப் பெயர்க்கப் பார்க்கும். மூக்கை வெளியே வந்தவுடனேயே செங்கோணமாகத் திருப்பிவிட்டால் நெம்புகோலும் இல்லை, ஒயருக்கு ஓயாத வளைவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரிந்த விஷயம். யந்திரம் செய்கிறவர்களுக்கா தெரியாது?

நன்றாகத் தெரியும். 2007-ல் மைக்ரோ யூஎஸ்பி என்ற முனையை வகுத்தவர்கள், தேய்ந்துபோகக்கூடிய ஸ்பிரிங்குகளைத் துவாரத்தில் வைக்காமல் ஒயரின் முனையில் வைத்தார்கள். விலை கூடிய சாமான் பிழைக்கட்டும், ஒயர் சாகட்டும் என்பது கணக்கு. புத்திசாலித்தனமான கணக்குதான், நான் குறை சொல்லவில்லை. 10,000 தடவை சொருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்றும் விதித்தார்கள். 2014-ல் வந்த டைப்-சிக்கும் அதே பத்தாயிரந்தான். ஆனால் சாக வேண்டியது ஒயர் என்று முதலிலேயே தீர்மானித்தவர்கள், அதைப் பிழைக்கவைக்கவும் ஒரு வழி விட்டிருக்க வேண்டாமா? மூக்கை ரப்பரில் வார்த்து மூடிவிட்டார்கள். ஒரு திருகாணி கிடையாது, ஒரு மூடி கிடையாது. கழுத்து ஒடிந்தால் முழு ஒயரும் குப்பை. நான்கு இழைகளை அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பற்றவைத்தால் பிழைத்துப்போகும் ஒன்றைக் குப்பையில் போடுங்கள் என்று நமக்குச் சொல்லுகிறார்கள். நாமும் போடுகிறோம்.

திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் வளைந்த மூக்கு கேட்டேன். பையன் சுறுசுறுப்பானவன்.

"எல் டைப் இருக்கு சார். கேம் ஆடுற பசங்க நிறைய வாங்குவாங்க. போனைப் படுக்கப் போட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சா, நேர் பின்னு கையில இடிக்கும். இது இடிக்காது."

"இன்னொரு முனை?"

"சார்ஜருக்குப் போறது."

"எனக்குக் கீபோர்டுக்குப் போக வேண்டும்."

"கீபோர்டுக்கெல்லாம் யாரு சார் கேக்கறாங்க? ப்ளூடூத் வாங்கிடுங்க."

விளையாடுகிறவனுடைய உள்ளங்கை நோகக் கூடாது என்பதற்காக உலகத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலை தன் அச்சை மாற்றி வார்த்திருக்கிறது! எழுதுகிறவனுக்கு அந்த மரியாதை கிடையாது. எழுதுகிறவர்கள் தொகையில் குறைவு. அதோடு கேட்கவும் கூச்சப்படுகிறார்கள்.

அந்த விளையாட்டு ஒயரையே வாங்கி, மறு முனையை மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. டைப்-சித் துவாரம் எல்லா யந்திரத்திலும் ஒரே மாதிரி. அப்படியானால் இரண்டு யந்திரங்கள் சேரும்போது எது எஜமான், எது ஊழியன், யார் யாருக்கு மின்சாரம் கொடுப்பது? இதைத் தீர்மானிப்பது மூக்குக்குள் இருக்கும் சிசி என்ற ஒரு முனையும் ஒரு ரெஸிஸ்டருந்தான். சார்ஜருக்குப் போகிற ஒயரின் மூக்கில், அந்த முனையையும் 5 வோல்ட் இழையையும் 56 கிலோ ஓம் இணைக்கும். அதைக் கண்டால் போன், "சோறு வந்திருக்கிறது, சாப்பிடலாம்" என்று உட்கார்ந்துவிடும். கீபோர்டுக்குப் போகிற ஒயரிலோ, அதே முனையைத் தரை இழையோடு 5.1 கிலோ ஓம் இணைக்க வேண்டும். அப்போதுதான், "நான் எஜமான்; இவனுக்குச் சோறு போட்டு வேலை வாங்க வேண்டியது என் பொறுப்பு" என்று போனுக்குப் புரியும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஒயர். வித்தியாசம் ஒரு ரூபாய் பெறாத ஒரு துணுக்கு.

இந்த வித்தை தெரிந்தவர் எனக்கு லால்குடிக் கடைத்தெருவில் கிடைத்தார். ரேடியோ ரிப்பேர் என்று எப்போதோ எழுதிய பலகை. உள்ளே ரேடியோ ஒன்றும் இல்லை. மிக்சி, மின்விசிறி, சார்ஜர், யாரோ கொடுத்துவிட்டு வாங்க மறந்துபோன இஸ்திரிப் பெட்டி. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கீபோர்டையும் போனையும் ஒடிந்த ஒயரையும் மேஜைமேல் வைத்தேன்.

"எந்தப் பக்கம் வளையணும் சார்?" என்றார்.

எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறேன்! ஒருவரும் கேட்காத கேள்வி இது. விலை என்ன வரை போகலாம் என்று கேட்டார்கள், என்ன நிறம் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"எப்படி அண்ணே சொல்வது? நீங்களே பாருங்கள்" என்றேன்.

போனை நிறுத்திப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார். கீபோர்டைத் தம் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "போன் பக்கம் கவலை இல்லை. டைப்-சி எப்படித் திருப்பினாலும் போகும். வலது பக்கம் வளைஞ்சதைப் புரட்டிச் சொருகினா இடது பக்கம் ஆயிடும். கீபோர்டுல இருக்கிறது பழைய மைக்ரோ. அது ஒரு பக்கந்தான் போகும். அதுலதான் சரியாப் பார்த்து வளைக்கணும்" என்றார். இணையத்தில் படம் பார்த்து வாங்கினால் இந்த இடத்தில்தான் சறுக்கும். இடது மூக்கும் வலது மூக்கும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

பிறகு வேலை ஆரம்பித்தது. ஒடிந்த ஒயரின் நல்ல பாகத்திலிருந்து ஒரு சாண் வெட்டினார். உறையை உரித்தார். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு தரை, வெள்ளையும் பச்சையும் செய்தி போகிற பாதை. "நிறத்தை நம்பக் கூடாது சார், சில பேரு மாத்திப் போட்டுடறான்" என்று சொல்லிவிட்டு, மீட்டரை வைத்து ஒவ்வோர் இழையும் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டார். இழைகளின் நுனியில் ஈயம் பூசினார். உதிரியாக வாங்கி வைத்திருந்த வளைந்த சி பின்னில் 56 கிலோ ஓம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. இந்தப் பின்களை வாங்குகிறவர்கள் சார்ஜர் ஒயருக்குத்தான் வாங்குகிறார்கள் என்பது செய்தவனுடைய எண்ணம். அதைச் சூடு காட்டி எடுத்தெறிந்தார். ஒரு டப்பாவைக் கிளறி, பச்சை, பழுப்பு, சிவப்பு, தங்கம் என்று நாலு கோடு போட்ட, நெல்மணியிலும் சிறிய ஒரு ரெஸிஸ்டரை எடுத்தார். அதன் கால்களைக் கிள்ளி, மூக்குக்குள் கிடத்தி, பற்றவைத்தார். கை துளிகூட நடுங்கவில்லை. ஈயம் மினுங்கியது.

போனில் சொருகப் போனேன், கையைத் தட்டிவிட்டார். முதலில் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே மீட்டரை வைத்து, எங்கும் தொட்டுக்கொள்ளவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டார். அப்புறம் கழுத்தில் பட்டம் விடுகிற நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை வைத்தார். அதன் மேல் சூடு பட்டால் சுருங்குகிற ஸ்லீவை மாட்டி, தீக்குச்சி கொளுத்திக் காட்டினார். மறு முனைக்கும் இதே உபசாரம். சாமான் நாற்பது, கூலி எண்பது என்றார்.

இந்த நூற்றிருபது ரூபாயை ஒரு நண்பரிடம் சொன்னேன். "நூற்றிருபதா! ஆன்லைனில் தொண்ணூற்றொன்பதுக்கு ஒரு மீட்டர் ஒயர் வருகிறதே, உன்னை ஏமாற்றிவிட்டான்" என்று அவர் என் மேல் இரக்கப்பட்டார். அவர் தம் போனுக்கு எழுநூறு ரூபாயில் தோல் உறை போட்டிருக்கிறார். அந்த உறை போனுக்குப் பொருந்துவதற்காக எழுநூறு கொடுக்கலாம். ஒயர் மனுஷனுக்குப் பொருந்துவதற்காக எண்பது கொடுக்கக் கூடாது!

நம் மத்தியதர வர்க்கத்தின் லட்சணம் இது. சாமானுக்கு என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுவோம், ஏனென்றால் அது அச்சிட்டிருக்கிறது. கைக்கூலி என்றால்தான் நமக்குப் பேரம் பேசும் வீரம் வரும். அட்டைப் பெட்டியோடு பேரம் பேச முடியாது. ஈயம் பற்றவைக்கிற மனுஷனோடு பேசலாம். இப்படிப் பேசிப் பேசியே நம் தெருவிலிருந்து பலரை ஒழித்துக் கட்டினோம். லால்குடிக்காரரின் பையன் அந்த மேஜையில் உட்காரவில்லை. நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். எண்பது ரூபாய்க்கு முகம் சுளிக்கிற ஊரில் அவன் ஏன் உட்கார வேண்டும்? அப்புறம் நாமே, "இப்போதெல்லாம் ரிப்பேர் செய்ய ஆள் கிடைப்பதில்லை" என்று பெருமூச்சு விடுவோம்.

"கம்பெனிக்காரன் நேராகச் செய்தால் அதற்குக் காரணம் இருக்கும்; நாம் என்ன மேதாவிகளா?" என்று கேட்கிற பணிவு ஒன்று நம்மிடம் இருக்கிறது. அந்தப் பணிவு லால்குடி மண்ணில் நின்றுகொண்டு பேசத் தகாதது. இந்த ஊர்ப் பெயரை லால்குடி ஜெயராமன் உலகமெல்லாம் கொண்டுபோனது எதனால்? வயலினால். வயலின் மேல்நாட்டு வாத்தியம். அவர்கள் மோவாய்க்கட்டையில் இடுக்கிக்கொண்டு, தோளுக்கு நேராக நீட்டிப் பிடித்து வாசிக்கிறார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதைக் கற்று நம் சங்கீதத்துக்குள் அழைத்து வந்தார். நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறு முனையைக் கணுக்காலிலும் ஊன்றிக்கொண்டார்கள். தந்திகளை ஸட்ஜமும் பஞ்சமுமாகச் சேர்த்துக்கொண்டார்கள். கமகம் பேச வேண்டுமானால் இடது கை தடையில்லாமல் ஓட வேண்டும். வாத்தியத்தைத் தாங்குகிற வேலை அந்தக் கைக்கு இருக்கக் கூடாது. ஆகவே பிடிக்கிற கோணத்தையே மாற்றினார்கள். வெள்ளைக்காரன் பிடித்தபடிதான் பிடிக்க வேண்டும் என்று பயபக்தியோடு இருந்திருந்தால், தோடியும் பைரவியும் அந்தத் தந்தியில் எந்தக் கதிக்கு ஆளாகியிருக்கும்?

கீபோர்டு விஷயத்துக்கே வருகிறேன். தமிழுக்குத் தட்டெழுத்து யந்திரம் வகுத்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா. அந்நிய யந்திரத்தில் ஒரு விசையைத் தட்டினால் காகிதம் ஓர் எழுத்து நகரும். நமக்கோ புள்ளியும் கொம்பும் விசிறியும் ஓர் எழுத்தின் தலையிலேயே உட்கார வேண்டும். தட்டினாலும் நகராத விசைகளை வைத்து அவர் அதைத் தீர்த்தார். யந்திரத்தை ஜெர்மனியில் செய்வித்தார். தமிழ் தன் எழுத்தைத் தறித்துக்கொள்ளவில்லை. அவரைப் போன்றவர்கள் வந்த வழியில்தான் 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 என்ற விசை அமைப்பும் வந்தது. உயிர் இடது கையிலும் மெய் வலது கையிலுமாக அதில்தான் இதை எழுதுகிறேன்.

இன்னும் கிட்டத்தில் சொல்கிறேன். என் வண்டி தினமும் பொன்மலையில் நிற்கிறது. அங்கே உள்ள ரயில்வே பணிமனை என்ன செய்தது? நீலகிரி மலைப் பாதைக்குச் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பல்சக்கர எஞ்சின்கள் கிழடாகிவிட்டன. அந்த ரகத்தை விற்கிற கடை உலகத்தில் இல்லை. பொன்மலைக்காரர்கள் 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய நீராவி எஞ்சின்களைத் தாங்களே செய்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து அனுப்பினார்கள். ஒரு மலைக்குத் தக்கபடி எஞ்சின் செய்கிற ஊரில், ஒரு மடிக்குத் தக்கபடி ஒயர் கேட்டால் சிரிக்கிறார்கள்!

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2022-ல் ஒரு சட்டம் செய்து, 2024 டிசம்பர் 28 முதல் செல்போன் முதலியவற்றுக்கெல்லாம் ஒரே டைப்-சித் துவாரம் என்று ஆக்கியது. சார்ஜ் ஏற்றுகிற கீபோர்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல காரியம். துவாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் தீர்த்துவிட்டது. அதில் சொருகுகிற மூக்கு உடைந்தால் திறக்க முடியுமா என்பதைத் தீர்க்கவில்லை. நம் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில், பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. செல்போன், கார், வீட்டுச் சாமான், உழவுக் கருவி ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு அந்த வருஷம் டிசம்பரில் இணையத்தில் ஒரு வாசலையும் திறந்தது. உரிமை என்ற சொல் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த உரிமையை நான் பிரயோகிக்க வேண்டுமானால் மேஜையின் மறுபக்கத்தில் சால்டரிங் கம்பியோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு உதிரி மூக்கு வேண்டும், எந்த முனை எதோடு சேரும் என்கிற படம் வேண்டும். இவற்றைச் செய்கிறவன் வெளியிட்டே தீர வேண்டும் என்று ஆணையிடாமல் உரிமை, உரிமை என்பது, சாவியைத் தங்களிடம் வைத்துக்கொண்டு வீட்டை எனக்குத் தானம் பண்ணுவதற்குச் சமானம்.

2022-ல் உலகம் குப்பையில் போட்ட மின்சாமான் 6.2 கோடி டன் என்று, 2024-ல் ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்கு சொல்லுகிறது. முறையாகச் சேர்த்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். என் ஒரு சாண் ஒயர் அதில் எம்மாத்திரம்? ஆனால் அந்த மலை ஒவ்வொரு சாணாகத்தான் வளர்ந்தது.

ப்ளூடூத் வாங்கச் சொன்ன பையனுக்கு ஒரு வார்த்தை. ஒயர் இல்லாத கீபோர்டுக்குள் ஒரு பாட்டரி இருக்கிறது, தம்பி. அதைப் பெரும்பாலும் ஒட்டி மூடியிருக்கிறார்கள். சில வருஷங்களில் அது சாகும். கீபோர்டும் உடன்கட்டை ஏறும். என் கீபோர்டில் சாவதற்கு ஒன்றும் இல்லை. போன் கொடுக்கிற மின்சாரத்தில் பிழைக்கிறது. வாயால் சொல்லி எழுதவைக்கலாமே என்கிறவர்களுக்கு: பாசஞ்சர் வண்டியில் என் கதாநாயகி தன் மாமியாரைப் பற்றி நினைப்பதை நான் உரக்கச் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள்.

அபாயம் என்று சொல்லுகிறவர்களுக்கு மட்டும் நான் செவி கொடுக்கிறேன். தெருவோரத்தில் செய்த ஒயரால் போன் பொசுங்கிப் போகாதா? கீபோர்டு இழுப்பது 5 வோல்டில் மிகச் சொற்ப மின்சாரம். தொடக் கூடாதது தொட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும்; அதை மீட்டர் சொல்லிவிடும். மடிக்கணினிக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றுகிற ஒயர் வேறு ஜாதி. 3 ஆம்பியருக்கு மேல் போகிற டைப்-சி ஒயரில், தான் எவ்வளவு தாங்குவேன் என்று சொல்லுகிற ஒரு சிப் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட ஒரு ஒயரை, மூக்கு மாற்ற வேண்டும் என்று ஒருவர் அந்தக் கடைக்குக் கொண்டுவந்தபோது நான் அங்கே இருந்தேன். பெரியவர் அதை வாங்கிக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது என் வேலை இல்லை சார். உள்ள சிப்பு இருக்கு. நல்லதா ஒண்ணு கடையில வாங்கிக்குங்க" என்றார். வந்தவர் போன பிறகு, யாரோ மறந்துவிட்டுப் போன அந்த இஸ்திரிப் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தார்.